அம்மாவுக்கு மறதி கூடிட்டே போகுது, இப்பவே என்ன செய்யலாம்?

குன்னூர்_மழைக்காரி:

வணக்கம்ங்க. இத்தன நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னிக்குதான் முதல் தடவையா எழுதறேன், நீளமாயிடுச்சுன்னா பொறுத்துக்கோங்க.

எங்கம்மாவுக்கு 69 வயசு. சிலோன்ல இருந்து 74ல இங்க வந்தவங்க, டேன்டீல (அரசு தேயிலைத் தோட்டம்) முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சு ரிட்டயர் ஆனவங்க. மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படிப்பு, ஆனா காலை எடை மதியம் எடை சாயந்திர எடை மூணையும் மனசுலயே கூட்டி வெச்சு, மாசக் கடைசில சம்பளம் கொறஞ்சிருந்தா கணக்கப்பிள்ளை கிட்டயே போய் நின்னு இந்தத் தேதில இத்தன கிலோ விட்டுப்போச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வர்ற ஆளு. அப்படிப்பட்டவங்க இப்ப ஒரே கேள்விய அரை மணி நேரத்துல மூணு தடவ கேக்கறாங்க. அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு, அதுக்கப்புறம் லயன் வீட்டுல (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) தனியா விட மனசில்லாம எங்களோட குன்னூருக்கு கூட்டிட்டு வந்துட்டோம். போன மாசம் பால அடுப்புல வெச்சிட்டு மறந்து போய் பாத்திரம் கருகி வீடெல்லாம் புகை. ரேஷன் கார்ட அரிசி டப்பாக்குள்ள வெச்சிட்டு ரெண்டு நாள் தேடினோம். டிவிய ஃபுல் சவுண்டுல வெச்சிட்டு அதுக்கு முன்னாடியே உக்காந்து தூங்கறாங்க. பேச்சும் கொறஞ்சு போச்சு.

சுகர் இருக்கு, எட்டு வருஷமா மெட்ஃபார்மின் எடுக்கறாங்க. பிரஷருக்கும் ஒரு மாத்திரை. இங்க ஒரு டாக்டர்கிட்ட காமிச்சோம், தலை நிமிந்து கூட பாக்காம "வயசானா அப்படித்தாம்மா" ன்னு சொல்லி அனுப்பிட்டாரு.

கோயமுத்தூர்ல இருக்கற எங்கண்ணன் வல்லாரை கேப்சூல், மீன் எண்ணெய் மாத்திரை, அப்புறம் போன்ல மூளைக்கு பயிற்சி கொடுக்கற ஒரு கேமுக்கு வருஷ சந்தா, எல்லாத்தையும் வாங்கி அனுப்பிட்டான். அம்மா அந்த போன கையில கூட தொடல. முன்ன காலைல நடப்பாங்க, ஆனா நாங்க இருக்கற பக்கம் விடியக்காலைல காட்டுமாடு ரோட்டுலயே நிக்கும், ரெண்டு தடவ கரடியும் வந்துச்சு, அதனால நாங்களே நிறுத்திட்டோம்.

என் கேள்வி இதுதான். உணவு, நடை, பயிற்சி இதெல்லாம் செஞ்சா மறதி நோய் வராம தடுக்க முடியுமா, இல்ல தள்ளியாச்சும் போட முடியுமா? மலைல, இந்த குளிர்ல, எங்களால செய்யக்கூடியது என்ன?

*

ஊட்டி_பழைய_நர்ஸ்:

தங்கச்சி, 34 வருஷம் வார்டுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவ நான், டாக்டர் இல்ல, அத மொதல்ல சொல்லிடறேன். நீ உணவு நடைன்னு கேக்கற, அது அப்புறம். அதுக்கு முன்னாடி இது என்ன மறதின்னு பாக்கணும்ல? "வயசானா அப்படித்தான்" ங்கறது பதிலே இல்ல. எல்லா மறதியும் அல்சைமர் இல்ல, சிலது சரி பண்ணக்கூடிய மறதி.

நீ எழுதினதுல என் கண்ணுல மொதல்ல பட்டது டிவி சவுண்டு. அம்மாவுக்கு காது கேக்குதா? காது மங்கினவங்க பேச்ச கொறச்சுக்குவாங்க, ஏன்னா எதிராளி சொல்றது பாதிதான் விழும், மீதிய ஊகிச்சு ஊகிச்சு களைச்சுப் போவாங்க. நாம சொன்னதே காதுல சரியா விழலன்னா அப்புறம் ஞாபகத்துல எங்க இருந்து நிக்கும்? அத நாம மறதின்னு எழுதிடறோம். 2024ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட கமிஷன் டிமென்ஷியாவுக்கு, அதாவது மறதி நோய்க்கு, மாத்தக்கூடிய காரணங்கள்னு 14 சொன்னாங்க, அதுல காது மந்தமும் கெட்ட கொலஸ்ட்ராலும்தான் பெரிய பங்கு, ஒவ்வொண்ணுக்கும் 7 சதவீதம். காது டாக்டர்கிட்ட காமி, சில சமயம் வெறும் அழுக்கு அடைப்பாவே இருக்கும்.

ரெண்டாவது பி12. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு பி12 கொறையலாம், இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ஆனா யாரும் டெஸ்ட் எழுதறதில்ல. அசிடிட்டிக்கு மாத்திரை நாள்பட எடுத்தாலும் அதே கதைதான். பி12 கொறஞ்சா மறதி, கால் மரத்துப் போறது, தள்ளாட்டம் எல்லாம் வரும். தைராய்டும் பாரு. சோடியமும் பாரு. அப்புறம் அப்பா போய் ரெண்டு வருஷம்னு சொல்ற, மனச்சோர்வு வயசானவங்ககிட்ட எப்பவும் அழுகையா வராது, இப்படி பேசாம உக்காந்துக்கறதா, மறதியாவும் வரலாம்.

மூணாவது, இத மலைக்காரங்களுக்குன்னே சொல்றேன். வீட்டுல இருக்கற மாத்திரை டப்பாவ கொட்டிப் பாரு. நம்மூர்ல குளிருக்கு மூக்கு ஒழுகினா மெடிக்கல்ல போய் சளி மாத்திரை வாங்கிப் போடற பழக்கம், சிலர் தூக்கம் நல்லா வருதுன்னு தினமும் ராத்திரி போடுவாங்க. குளோர்பெனிரமின் மாதிரி பழைய வகை அலர்ஜி மாத்திரைங்க வயசானவங்களுக்கு மந்தத்தையும் குழப்பத்தையும் கொடுக்கும். தூக்க மாத்திரையும் அப்படித்தான். வார்டுல எத்தனையோ பேர பாத்திருக்கேன், மாத்திரைய நிறுத்தினதும் ஆளே தெளிஞ்சிடுவாங்க. ஆனா நீயா நிறுத்தாத, குறிப்பா தூக்க மாத்திரைய டாக்டர்கிட்ட கேட்டு கொஞ்சம் கொஞ்சமாதான் விடணும்.

குளிர்காலத்துல பிரஷர் ஏறும், அதனால டிசம்பர் ஜனவரில அடிக்கடி பாக்கணும். அமெரிக்கால ஸ்பிரிண்ட் மைண்ட்னு ஒரு ஆய்வு, 2019ல முடிவு வந்துச்சு, 9300 பேருக்கு மேல. மேல் பிரஷர 140க்கு கீழ வெச்சவங்கள விட 120க்கு கீழ வெச்சவங்களுக்கு லேசான ஞாபகக் குறைவு 19 சதவீதம் கம்மி. ஆனா அதுல சுகர்காரங்கள சேக்கல, அதனால அம்மாவுக்கு எவ்வளவு வெச்சுக்கலாம்னு டாக்டர்தான் சொல்லணும். ரொம்ப எறங்கினா எந்திரிச்சு நிக்கும்போது தலை சுத்தி விழுவாங்க, நம்ம படிக்கட்டுல விழுந்தா என்னாகும்னு உனக்கே தெரியும்.

இன்னொன்னு, சம்பந்தமில்லாத மாதிரி தெரியும். கதவு ஜன்னல சாத்திட்டு கரி அடுப்புல குளிர் காயறீங்களா? தயவு செஞ்சு வேண்டாம். கார்பன் மோனாக்சைடு உயிரயே எடுக்கும், தப்பிச்சாலும் மூளைய பாதிக்கும்.

*

கொடை_பூண்டு:

நான் கொடைக்கானல். நர்ஸக்கா சொன்னதுக்கு மேல வைத்தியம் பேச எனக்கு தகுதி இல்ல, நடைய பத்தி மட்டும் சொல்றேன். எங்க ஊர்லயும் மாடு தொல்லைதான், ஏரி ரோட்டுக்கே வந்துடும். அதனால நாங்க விடிகாலை நடைய விட்டுட்டு ஒம்போதரைக்கு மேல வெயில் வந்தப்புறம்தான் கெளம்பறது. ஆறு பேரு, எல்லாரும் அறுபத தாண்டினவங்க, ஏரிய சுத்தி ஒரு ரவுண்டு அஞ்சு கிலோமீட்டர் கிட்ட வரும், சமதளம், அதுதான் எங்களுக்கு வரம். குன்னூர்ல சமதளத்துக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. சிம்ஸ் பார்க்ல மேல்பக்க பாதைல மட்டும் நடக்கலாம், கீழ எறங்கிட்டா ஏற முடியாது (ஒரு தடவ எறங்கிட்டு வாட்ச்மேன் கைய பிடிச்சு ஏத்தி விட்டாரு, மானமே போச்சு).

நடந்தா சும்மா மூச்சு லேசா வாங்கற மாதிரி, பேச முடியணும் பாட முடியக்கூடாது, அந்த வேகம். உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷத்துல இருந்து 300 வரைக்கும். அரை மணி வீதம் அஞ்சு நாள் நடந்தாலே வந்துடுது. மழைல அட்டைப்பூச்சி சீசன்ல நாங்க நடக்கறதே இல்ல, யார் வீட்டு வராந்தாவுலயாச்சும் உக்காந்து சீட்டு ஆடுவோம். எங்க கூட்டத்துல ஒருத்தர் வரலன்னா மத்த அஞ்சு பேரும் வீட்டுக்கே போய் கூப்பிடுவோம், அது ஒண்ணுதான் பத்து வருஷமா விடாம நடக்கறதுக்கு காரணம். தனியா நடன்னா நானும் நடக்க மாட்டேன்.

சாப்பாடு பத்தி ஒரே வரி. வர்க்கியும் பன்னும் டீயும்னு ஒரு நாளைக்கு நாலு வேளை போகுதே நம்ம மலைல, அதுல பாதிய நிறுத்தினா போதும், வெளியூர் பழம் எதுவும் தேட வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டும் பீன்ஸும் கேரட்டும் கீரையும் வாசல்லயே வெளையுது.

*

மஞ்சூர்_வாத்தியார்_மகன்:

மன்னிக்கணும், எல்லாரும் நல்லதுதான் சொல்றீங்க, ஆனா ஒருத்தராவது மறுபக்கத்த சொல்லணும். எங்கப்பா ஹெட்மாஸ்டரா இருந்தவரு. வாழ்நாள் முழுக்க நடை, பீடி சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, தினமும் ரெண்டு பேப்பர் வரி விடாம படிப்பாரு, தமிழ் படுகு மலையாளம் இங்கிலீஷ் நாலும் பேசுவாரு. 71ல அல்சைமர் வந்துச்சு, 78ல போயிட்டாரு. கடைசி ஒரு வருஷம் என்னைய யாருன்னே தெரியல. அந்த ஏழு வருஷத்துல வந்து போன சொந்தக்காரங்க எல்லாம் "மூளைக்கு வேலை கொடுத்திருந்தா வந்திருக்காது" ன்னு சொல்லிட்டு போவாங்க. எங்கப்பா மூளைக்கு கொடுக்காத வேலையா?

நர்ஸம்மா சொன்ன அதே லான்செட் ரிப்போர்ட்டுல 14 காரணத்தையும் சேத்தாலும் 45 சதவீதம்தான் வருது. அதுவும் ஊர் மொத்தத்துக்கும் போட்ட கணக்கு, உங்கம்மாவுக்கு இத்தன சதவீதம்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. மீதி வயசு, மரபணு, இன்னும் நமக்கு புரியாதது. அதனால சிஸ்டர், செய்யுங்க, எல்லாம் செய்யுங்க, ஆனா ஒருவேளை வந்துட்டா அம்மா மேலயும் உங்க மேலயும் பழி போட்டுக்காதீங்க.

மைண்ட் டயட்னு பெருசா பேசறாங்களே, கீரை, பருப்பு, கொட்டை, பெர்ரி பழம், அத மூணு வருஷம் 604 பேருக்கு கொடுத்து 2023ல முடிவு போட்டாங்க. சாதாரண சாப்பாட்டயே கொஞ்சம் கலோரி கொறச்சு சாப்பிட்டவங்களுக்கும் இவங்களுக்கும் பெருசா வித்தியாசம் வரல. கீரை சாப்பிட வேண்டாம்னு சொல்லல, எதிர்பார்ப்ப கொறச்சுக்கங்க.

*

குன்னூர்_மழைக்காரி:

அண்ணா, நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான், "பொண்ணு கூட்டிட்டு போய் டிவி முன்னாடி உக்கார வெச்சிட்டா" ன்னு லயன்ல பேசிக்கறாங்களாம். கஷ்டமாதான் இருக்கு.

நர்ஸக்கா, மாத்திரை டப்பாவ கொட்டிப் பாத்தேன். நீங்க சொன்னது அப்படியே இருக்கு. ஒரு மஞ்சள் மாத்திரை அட்டை அட்டையா, கேட்டா "சளிக்குடி, ராத்திரி போட்டா நல்லா தூக்கம் வருது" ங்கறாங்க. எவ்வளவு நாளான்னு கேட்டா அப்பா போனதுல இருந்துன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் தெரியாம இருந்திருக்கேன்.

வல்லாரை கேப்சூல், மீன் எண்ணெய் பத்தி யாரும் சொல்லலையே? அண்ணன் தினமும் போன் பண்ணி கொடுத்தியான்னு கேக்கறான்.

*

ஊட்டி_பழைய_நர்ஸ்:

அந்த அட்டைய அப்படியே எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காமி, வேற டாக்டரா இருந்தாலும் பரவால்ல.

கேப்சூலுக்கு பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019ல இதுக்குன்னே வழிகாட்டுதல் போட்டாங்க, அதுல பி வைட்டமின், ஈ வைட்டமின், மீன் எண்ணெய் கொழுப்பு மாத்திரை எதையும் மறதி நோய தடுக்கறதுக்குன்னு பரிந்துரைக்கலன்னு தெளிவாவே இருக்கு. பி12 கொறஞ்சவங்களுக்கு பி12 கொடுக்கறது வேற, நல்லா இருக்கறவங்களுக்கு கொடுக்கறது வேற. ஜிங்கோன்னு ஒரு இலைச் சத்து உலகம் பூரா ஞாபக சக்திக்குன்னு வித்தாங்க, 3000 பேருக்கு மேல வெச்சு பல வருஷம் பாத்துட்டு 2008ல டிமென்ஷியாவ தடுக்கலன்னு முடிவு வந்துச்சு. வல்லாரைய தொவையலா அரைச்சு கொடு, ருசியாச்சும் இருக்கும். கேப்சூல் காச அண்ணன காது டாக்டர் ஃபீஸுக்கு அனுப்பச் சொல்லு.

*

பிசியோ_வெலிங்டன்:

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், வெலிங்டன் பக்கம். ஒரு கேள்வி கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அம்மா காலைல எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் என்னதான் செய்யறாங்க? உங்க பதிவுல அவங்க செய்யற வேலைன்னு ஒண்ணு கூட இல்லையே.

பதில் வர்றதுக்கு முன்னாடி என் பங்க சொல்லிடறேன். நடை மட்டும் போதாது. முப்பது வருஷம் முதுகுல கூடையோட ஏத்தத்துல ஏறினவங்களுக்கு தொடைல நல்ல பலம் இருந்திருக்கும், ரெண்டு வருஷம் உக்காந்தா அது கரைஞ்சு போயிடும். கை வெச்ச நாற்காலில உக்காந்து கைய ஊனாம எந்திரிக்கறது, பத்து தடவ, நடுவுல மூச்சு வாங்கிட்டு இன்னொரு பத்து. சமையல் மேடைய பிடிச்சிட்டு குதிகால தூக்கி எறக்கறது. அதே மேடைய பிடிச்சிட்டு ஒத்தக் கால்ல பத்து எண்ற வரைக்கும் நிக்கறது, பக்கத்துல நீங்க இருக்கணும். வாரத்துல மூணு நாள் போதும். சுகர் இருக்கறதால கால் மரப்பு இருக்கான்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

விழாம இருக்கறதே மூளைக்கு பாதுகாப்பு, தலைல அடிபடறதும் அந்த 14 காரணத்துல ஒண்ணு. நம்ம மலைல விழறதுக்கு ஒரு காரணம் என்ன தெரியுமா, கம்பளி சாக்ஸ். குளிருக்கு போட்டுட்டு சிவப்பு சிமெண்ட் தரைல வழுக்கிடும். அடில ரப்பர் வெச்ச செருப்ப வீட்டுக்குள்ளயே போடச் சொல்லுங்க. ராத்திரி பாத்ரூம் போற வழில ஒரு சின்ன லைட். வயசானவங்க தலைல அடிபட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு திடீர்னு குழம்பினாங்கன்னா உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம், உடனே ஸ்கேன் எடுக்கணும், மறதின்னு விட்டுடாதீங்க.

*

குன்னூர்_மழைக்காரி:

தம்பி, நீங்க கேட்டது சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா உண்மை. எதுவும் செய்யறதில்ல. நாங்கதான் விடறதில்ல. இத்தன வருஷம் உழைச்சாங்க, இனிமே உக்காந்து சாப்பிடட்டும்னு நெனச்சோம். அந்த பால் கருகினதுக்கு அப்புறம் அடுப்படிக்கே வர வேண்டாம்னு சொல்லிட்டேன். கடைக்கு போனா பாதை சரியில்லன்னு நானே போறேன். லயன்ல இருந்தப்ப மகளிர் குழு மீட்டிங், கோயில் திருவிழா வசூல், பக்கத்து வீட்டு கொழந்தைங்கன்னு ஆயிரம் வேலை இருந்துச்சு. சிங்களம் கூட நல்லா பேசுவாங்க, படுகுல கேக்கறவங்களுக்கு படுகுலயே பதில் சொல்லுவாங்க. இங்க எங்க வீட்டுல எல்லாரும் காலைல எட்டரைக்கு பூட்டிட்டு போயிட்டா சாயந்திரம் அஞ்சரை வரைக்கும் அவங்களும் டிவியும்தான்.

*

கொடை_பூண்டு:

அடேங்கப்பா, மூணு பாஷை! ஹைதராபாத்ல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க, 648 நோயாளிங்கள வெச்சு. ரெண்டு பாஷை பேசறவங்களுக்கு ஒரே பாஷை பேசறவங்கள விட டிமென்ஷியா நாலரை வருஷம் தள்ளி வந்திருக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் அந்த வித்தியாசம் இருந்துச்சாம். எனக்கு அதுல பிடிச்சதே அந்த கடைசி விஷயம்தான், படிச்சவன் மூளைதான் மூளைங்கற நெனப்புல ஒரு தட்டு. (மஞ்சூர் தம்பி, உங்கப்பா நாலு பாஷை பேசினது ஞாபகம் இருக்கு, ஆள் ஆளுக்கு மாறும், ஒத்துக்கறேன்.)

அடுப்படிய விட்டுக் கொடுங்கம்மா. டைமர் வெச்ச இண்டக்சன் ஸ்டவ் ஒண்ணு வாங்கி வைங்க, நேரமானா தானா அணைஞ்சிடும், மறந்தாலும் தீப்பிடிக்கற பயம் கொறையும். கத்தி கொடுங்க, காய் நறுக்கட்டும். பால் கணக்கு, கேஸ் கணக்கு, பேப்பர் கணக்கு மூணையும் ஒப்படைங்க.

*

லைப்ரரி_கோத்தகிரி:

தாமதமா வர்றேன். பின்லாந்துல ஃபிங்கர்னு ஒரு ஆய்வு, 60ல இருந்து 77 வயசு வரைக்கும் 1260 பேரு, ரெண்டு வருஷம், 2015ல வெளிவந்துச்சு. பாதி பேருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மீதி பாதிக்கு சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிரஷர் சுகர் கொழுப்ப அடிக்கடி பாக்கறது எல்லாத்தையும் சேத்து செஞ்சாங்க. ரெண்டாவது கூட்டம் மொத்த மார்க்லயும், வேகம், திட்டமிடற சோதனைகள்லயும் மேல வந்துச்சு, ஞாபக சோதனைல மட்டும் பெருசா வித்தியாசம் இல்ல. ஒவ்வொண்ண தனியா செஞ்ச பல ஆய்வுல சரியா பலன் தெரியாதப்ப இது ஏன் வேலை செஞ்சுதுன்னா, சேத்து செஞ்சதாலன்னுதான் பலரும் சொல்றாங்க.

அதையே அமெரிக்கால பாயிண்டர்ங்கற பேர்ல 2111 பேருக்கு செஞ்சு 2025ல முடிவு சொன்னாங்க. அதுல ரெண்டு கூட்டத்துக்கும் அதே அறிவுரைதான், ஒண்ணுக்கு அட்டவணை போட்டு, அடிக்கடி குழுவா கூடி, ஆள் வெச்சு விசாரிச்சாங்க, இன்னொண்ண உங்க வசதிப்படி செய்யுங்கன்னு விட்டாங்க. ரெண்டு கூட்டமுமே முன்னேறுச்சு, விசாரிச்ச கூட்டம் கொஞ்சம் கூடுதலா. ரெண்டு ஆய்வுமே சோதனை மார்க்கதான் பாத்துச்சு, பின்னாடி டிமென்ஷியா வராம இருந்துச்சான்னு சொல்ற அளவுக்கு ரெண்டு வருஷம் போதாது, அதயும் மனசுல வெச்சுக்கணும். எனக்கு தோணறது, கொடைக்கானல்காரர் கூட்டத்துல வராதவர வீட்டுக்கே போய் கூப்பிடறாங்களே, அந்த வேலைய அங்க சம்பளம் கொடுத்து ஆள் வெச்சு செஞ்சிருக்காங்க.

இன்னொரு நல்ல ஆய்வு சைனா கிராமங்கள்ல, 326 கிராமம், கிட்டத்தட்ட 34000 பேரு. ஊர்லயே இருக்கற, எம்பிபிஎஸ் படிக்காத கிராம வைத்தியர்கள வெச்சு நாலு வருஷம் பிரஷர மட்டும் ஒழுங்கா கொறச்சாங்க, டிமென்ஷியா 15 சதவீதம் கொறஞ்சுது. நம்ம ஊர்ல மக்களைத் தேடி மருத்துவம்னு 2021ல இருந்து வீட்டுக்கே வந்து பிரஷர் சுகர் பாத்து மாத்திரை கொடுக்கற ஏற்பாடு இருக்கு. அந்த அக்கா வரும்போது "மாத்திரை வெச்சிட்டு போங்க" ன்னு அனுப்பாம பிரஷர் பாக்கச் சொல்லி நம்பர ஒரு நோட்டுல எழுதி வைங்க, டாக்டருக்கு அந்த நோட்டு போதும்.

போன் கேம் பத்தி: எத பயிற்சி பண்றோமோ அதுல கைதேருவோம், சுடோகு போட்டா சுடோகு நல்லா வரும். சந்தா கட்டியாச்சுன்னா பேரப்பிள்ளைங்க ஆடட்டும்.

*

குன்னூர்_மழைக்காரி:

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன், யாராச்சும் இன்னும் பாக்கறீங்களான்னு தெரியல.

வேற டாக்டர்கிட்ட போனோம், நிதானமா அரை மணி நேரம் பேசினாரு, அம்மாகிட்டயே தேதி கேட்டாரு, கடிகாரம் வரையச் சொன்னாரு. பி12 ரொம்பவே கொறைவு, ஊசி போடறாங்க. அந்த சளி மாத்திரைய நிறுத்தச் சொல்லிட்டாரு, மொதல் நாலஞ்சு ராத்திரி தூக்கம் வராம புலம்பினாங்க, இப்ப பரவால்ல. காதுல ரெண்டு பக்கமும் அழுக்கு கல்லு மாதிரி, எடுத்தப்புறம் டெஸ்ட் பண்ணா அப்பவும் ரெண்டு காதும் மந்தம்தான், மெஷின் வெக்கணும்னு சொல்லிட்டாங்க. அண்ணன் வாங்கிக் கொடுத்தான்.

வெளிய போய் நடக்க ஆரம்பிக்கல, பொய் சொல்ல மாட்டேன், மழை விடவே இல்ல. நாற்காலில எந்திரிக்கறது மட்டும் நடக்குது, சீரியல் விளம்பரம் வரும்போதெல்லாம். வெள்ளிக்கிழமை காலைல பஸ் ஏத்தி விட்டுடறேன், பழைய லயனுக்கு போய் குழு மீட்டிங் முடிச்சிட்டு சாயந்திரம் வர்றாங்க. மொத ரெண்டு வாரம் நான் கூடவே போனேன். இப்ப பஸ் கண்டக்டரே எறக்கி விட்டுடறாரு. பால் கணக்க கொடுத்தேன், போன மாசம் நான் 31 நாளுக்கும் காசு கொடுத்திருக்கேன், ரெண்டு நாள் பால் வரலையேன்னு கேட்டாங்க. எனக்கு ஞாபகமே இல்ல.

அதே கேள்விய திரும்ப கேக்கறது நிக்கல. கொறஞ்சிருக்குன்னு சொல்லலாம். டாக்டர் ஆறு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்ணலாம், அப்பதான் எதுவும் சொல்ல முடியும்னு சொல்லிட்டாரு.

இப்ப புது பிரச்சனை, காது மெஷின் வெக்க மாட்டேங்கறாங்க. வெச்சா தட்டு கழுவற சத்தமே இடி மாதிரி இருக்காம். அதுவும் போக ஒரு வாரமா ஒரு பக்கம் வேலையே செய்யல.

*

ஊட்டி_பழைய_நர்ஸ்:

பி12 கேட்டதும் எனக்கு நிம்மதியா இருக்கு தங்கச்சி. மெஷின் சத்தம் மொதல்ல எல்லாருக்கும் அப்படித்தான், இத்தன வருஷம் கேக்காத சத்தம்லாம் ஒரே நேரத்துல வந்தா யாருக்கும் எரிச்சலா இருக்கும். மொத வாரம் ஒரு மணி நேரம், வீட்டுக்குள்ள, ஒரே ஒருத்தர் கூட பேசும்போது மட்டும். டிவிக்கு வேண்டாம். அப்புறம் ரெண்டு மணி நேரம். வாங்கின எடத்துக்கு ரெண்டு மூணு தடவ போய் சவுண்ட சரி பண்ணிக்கணும், அத பாதி பேர் செய்யறதே இல்ல, அலமாரில போட்டுடறாங்க. காது மெஷின் வெச்சு மூணு வருஷம் பாத்த ஒரு ஆய்வு 2023ல வந்துச்சு, 977 பேரு. எல்லாரையும் சேத்து பாத்தா வித்தியாசம் இல்ல, ஆனா ஏற்கனவே பிரஷர் சுகர்னு ஆபத்து கூட இருந்தவங்கள தனியா பாத்தப்ப ஞாபகம் கொறையற வேகம் 48 சதவீதம் கம்மி. உங்கம்மா அந்த ரெண்டாவது கூட்டம்தான்.

*

மஞ்சூர்_வாத்தியார்_மகன்:

ஒரு பக்கம் வேலை செய்யலன்னு சொன்னீங்களே, ரிப்பேருக்கு கொடுக்கறதுக்கு முன்னாடி இத பாருங்க. அப்பாவுக்கும் இதே மாதிரி ஆச்சு. ஜூன் ஜூலைல நம்ம பக்கம் பனிமூட்டத்துல துணியே காயாது, மெஷின் மட்டும் எப்படி காயும். உள்ள ஈரம் கோத்துக்கும். மூடி இறுக்கமா இருக்கற ஒரு சின்ன டப்பால சிலிகா ஜெல் பாக்கெட் போட்டு, ராத்திரி பேட்டரிய கழட்டி வெளிய வெச்சிட்டு மெஷின மட்டும் அதுக்குள்ள வைங்க. அடுப்பு பக்கத்துலயோ ஹீட்டர் முன்னாடியோ வெச்சு காய வெச்சுடாதீங்க, நான் வெச்சு ஒண்ண கெடுத்திருக்கேன். நுனில இருக்கற ஓட்டைல காது அழுக்கு அடைச்சிருக்கான்னும் பாருங்க, கூடவே ஒரு சின்ன பிரஷ் கொடுத்திருப்பாங்க. ஸ்டிக்கர் உரிச்சு போடற பேட்டரின்னா உரிச்சதும் உடனே மாட்டாம ரெண்டு மூணு நிமிஷம் காத்துல வெச்சிட்டு மாட்டுங்க. அப்பவும் வரலன்னா கொண்டு போய் கொடுங்க.

*

குன்னூர்_மழைக்காரி:

அழுக்குதாங்கண்ணா. பிரஷ் எங்கன்னு தேடினேன், அம்மா அத அஞ்சறைப் பெட்டில வெச்சிருக்காங்க.